வார்டின் சிறு அவமதிப்புகளும் இன்சார்ஜ் சிஸ்டரும்

இஸ்ரேலில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்க்கும் 24 குழுக்களை ஆய்வாளர்கள் ஒரு பயிற்சிக்கு அழைத்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் மருத்துவரும் செவிலியர்களும் இருந்தார்கள். குடல் அழற்சி கண்ட ஒரு குறைமாதக் குழந்தையின் நிலை திடீரென்று மோசமாகிறது. மாதிரிக் குழந்தையை வைத்துக்கொண்டு நோயைக் கண்டுபிடிக்க வேண்டும், உயிரைக் காக்க வேண்டும். அதுதான் பயிற்சி. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகமான ஒருவர் இஸ்ரேலிய மருத்துவத்தின் தரம் பற்றி இளக்காரமாகச் சில வார்த்தைகள் சொன்னார். குழுவின் வேலையைக் குறித்து அவர் எதுவும் சொல்லவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. மற்றக் குழுக்களிடம் பொதுவாகப் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆரியே ரிஸ்கினும் அவருடைய சகாக்களும் 2015-இல் குழந்தை மருத்துவ இதழொன்றில் வெளியிட்ட முடிவு இது: இளக்காரத்தைக் கேட்ட குழுக்கள் நோயைக் கணிப்பதிலும் கைவேலையிலும் பின்தங்கின. குழுக்களுக்கிடையே தெரிந்த செயல்திறன் வேறுபாட்டில் கிட்டத்தட்ட 12 சதவீதத்துக்கு அந்தச் சில வார்த்தைகளே காரணம் என்று கணக்கு காட்டியது. எந்த வழியாக இந்தக் கெடுதல் நடந்தது என்பதையும் ஆய்வு தேடியது. அவமதிக்கப்பட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த தகவலை மற்றவரோடு பகிர்வது குறைந்தது. உதவி கேட்பதும் குறைந்தது. கையும் மூளையும் அப்படியேதான் இருந்தன. வாய் மூடிக்கொண்டது.

முன்பின் தெரியாத ஒருவர் ஒரே ஒருமுறை சொன்ன சொல்லுக்கே இந்த விளைவு என்றால், தினமும் கூடவே நிற்பவர் சொல்லும் சொல்லுக்கு என்ன விளைவு இருக்கும்? செவிலியர் பணியில் சக ஊழியர்களுக்கிடையே நடக்கும் உரசலையும் மரியாதைக் குறைவையும் பற்றி நாற்பது ஆண்டுகளாக உலகெங்கும் எழுதப்பட்டு வருகிறது. ஆனால் நம் மருத்துவமனைகளில் அது இன்னும் 'குணம் அப்படி' என்றோ, அதைவிட மோசமாக 'பொம்பளைங்க நாலு பேர் சேர்ந்தா இப்படித்தான்' என்றோ ஒதுக்கப்படுகிறது. இந்தப் பேச்சு தவறு மட்டுமில்லை, நோயாளிக்கு ஆபத்தானதும்கூட. உரசல் எங்கே பிறக்கிறது, எதனால் வளர்கிறது, யாரால் தணிக்க முடியும் என்பதற்கெல்லாம் இன்று ஓரளவு தெளிவான விடைகள் இருக்கின்றன.

நோயாளியின் உறவினர் செவிலியரைத் தாக்கினால் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பாலியல் தொந்தரவுக்கு 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் அதன் கீழ் உள்ளகக் குழுவும் இருக்கின்றன. இவை தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயங்கள். இங்கே பேசுவது எந்தச் சட்டத்திலும் பதிவேட்டிலும் சிக்காத சிறு அவமதிப்புகளைப் பற்றி.

சிறியது, ஆனால் சுழல்வது

ஷிஃப்ட் முடிந்து ஓவர் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல் கேஸ் ஷீட்டைத் தள்ளிவிட்டுப் போவது. புதிதாகச் சேர்ந்த பெண் வென்ஃப்ளான் ஊசி போடத் தடுமாறும்போது, நோயாளியின் காதுபடவே 'இதுகூடத் தெரியாம எப்படிப் பாஸ் பண்ணே?' என்பது. கனமான நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கக் கை கேட்டால் காதில் விழாததுபோல் இருப்பது. ஒருவர் செய்த தவறை நேரில் சொல்லாமல் வார்டின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. டியூட்டி லிஸ்டில் ஒரே ஆளுக்கே திரும்பத் திரும்பப் பண்டிகை நைட் விழுவது. இவற்றில் எதையும் புகாராக எழுத முடியாது. எழுதினால், 'இதுக்கெல்லாமா புகார்?' என்ற கேள்விதான் பதிலாக வரும்.

லின் ஆண்டர்சனும் கிறிஸ்டின் பியர்சனும் 1999-இல் எழுதிய கட்டுரை இந்த வகை நடத்தைக்கு வரையறை தந்தது. பரஸ்பர மரியாதை என்ற பணியிட வழக்கத்தை அது மீறுகிறது, ஆனால் தீவிரம் குறைவு. காயப்படுத்தும் எண்ணம் இருந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. இந்தக் கடைசி அம்சம்தான் முக்கியமானது. எண்ணம் தெளிவாக இல்லாததால் செய்தவர் 'நான் அப்படி நினைச்சே சொல்லல' என்று நழுவலாம். பட்டவருக்கோ ராத்திரியெல்லாம் அதே யோசனை. அவர் மறுநாள் தன் பங்குக்கு ஒன்றைச் செய்கிறார். ஒன்றுக்கு ஒன்றரை என்று ஏறி, ஒரு கட்டத்தில் வெளிப்படையான சண்டையாகிறது; இல்லாவிட்டால் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். இந்தச் சுழலை அவர்கள் விவரித்த விதம் எந்த வார்டில் வேலை பார்த்தவருக்கும் புரியும்.

வார்டில் இந்தச் சுழலுக்கு இன்னொரு திசையும் உண்டு. பக்கவாட்டில் சுழல்வதோடு அது கீழ்நோக்கியும் இறங்குகிறது. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் பயிற்சி மருத்துவரைக் கடிந்துகொள்கிறார். பயிற்சி மருத்துவர் வார்டுப் பொறுப்பிலுள்ள இன்சார்ஜ் சிஸ்டரிடம் எரிந்து விழுகிறார். அவர் ஸ்டாஃப் நர்ஸிடம், ஸ்டாஃப் நர்ஸ் மாணவியிடம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஆயாம்மாவிடம். படுக்கையில் இருப்பவர் இதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்து ஏதாவது கேட்கலாமா வேண்டாமா என்று அவரும் தயங்குகிறார்.

ஏன் செவிலியர்களிடம்?

1983-இல் அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் சூசன் ராபர்ட்ஸ் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பாவ்லோ ஃப்ரெய்ரே போன்றோர் எழுதியதைச் செவிலியர்களுக்குப் பொருத்திப் பார்த்தார். மேலே இருப்பவரை எதிர்க்க முடியாத கூட்டம் தன் கோபத்தைத் தனக்குள்ளேயே திருப்பிக்கொள்ளும்; மேலே இருப்பவரின் மதிப்பீட்டையே தன்னுடையதாக ஏற்று, தன் இனத்தாரை இளக்காரமாகப் பார்க்கும் என்பது அந்த வாதம். மூன்று ஆண்டுகள் கழித்து ஜூடித் மைஸ்னர், செவிலியர்கள் தங்கள் குஞ்சுகளையே தின்கிறார்களா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். புதியவர்களை மூத்தவர்கள் வாட்டுவதைக் குறிக்கும் அந்தத் தொடர் தொழில் முழுக்கப் பரவி, இன்றுவரை ஆங்கில உலகில் எல்லாச் செவிலியரின் வாயிலும் இருக்கிறது.

ராபர்ட்ஸின் விளக்கத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது என்பது என் கருத்து. குறை செவிலியரின் மனத்துக்குள் இருக்கிறது என்று ஆகிவிட்டால், மருந்தும் மனத்துக்குத்தான் கொடுக்கப்படும்: ஒரு நாள் பயிற்சி வகுப்பு, ஆளுமை வளர்ச்சி, யோகா. ஆஸ்திரேலியாவில் மேரி ஹட்சின்சனும் குழுவினரும் 2006-இல் இந்த இடத்தில்தான் மறுப்புச் சொன்னார்கள். பணியிடத்தில் ஒருவரை ஒடுக்குவதற்கு நிறுவனத்தின் அமைப்பே இடம் கொடுக்கிறது. டியூட்டி போடும் அதிகாரம், பணி மதிப்பீடு, பதவி உயர்வு எல்லாமே கருவிகளாகின்றன. எனவே செவிலியரின் உளவியலை விட்டு நிறுவனத்தை ஆராயுங்கள் என்றார்கள். இந்தப் பார்வையில் எனக்குப் பிடித்தது, இது கைவைக்கக்கூடிய இடங்களைக் காட்டுகிறது என்பதுதான். நூறு பேரின் குணத்தை மாற்றுவது அரிது. டியூட்டி லிஸ்ட் போடும் முறையை மாற்றிவிடலாம்.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்வோம். செவிலியர் பயிற்சி இந்தியாவிலேயே முதலில் முறையாகத் தொடங்கிய ஊர்களில் ஒன்று சென்னை. பொது மருத்துவமனையில் 1871-இல் தொடங்கியது. மேட்ரன், சிஸ்டர் என்று பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் இருந்த படிநிலையும் கூடவே வந்தது. பெயர்ப் பலகைகள் மாறியும், மூத்தவர் நிற்கும்போது இளையவர் உட்காரக் கூடாது என்ற வகைப் பழக்கங்கள் பல இடங்களில் போகவில்லை. படிநிலையை விடவும் பெரிய சிக்கல் ஆள் பற்றாக்குறை. பொது வார்டில், பயிற்சி மருத்துவமனையானால் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இரவில் ஒரு அரசு மருத்துவமனையின் மெடிக்கல் வார்டுக்குள் நுழைந்து பார்த்தவருக்கு அந்த அளவுகோலுக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் தெரியும். படுக்கை போக வராண்டாவிலும் பாய் விரித்திருக்கும். ஒரே ஆள் எல்லாருக்கும் ஊசி போட்டு, சலைன் மாற்றி, எழுதியும் முடிக்க வேண்டும். அப்போது பக்கத்து வார்டிலிருந்து ஒருவர் வந்து கை கேட்டால் முகம் சுளிக்கத்தான் செய்யும். அந்தச் சுளிப்பை அவருடைய குணமாக எழுதிவைப்பது அநியாயம்.

அடுத்தது ஊதியப் பிளவு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-இல் தமிழ்நாட்டில் அமைந்தது. அதன் மூலம் 2015-இல் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் தேர்வெழுதி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்கு வந்தார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின் காலமுறை ஊதியம் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டம் வெடித்தது. தொகுப்பூதியம் பிறகு உயர்ந்தது. நிரந்தரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31-ஓடு முடித்துவைக்கப்பட்டது. ஒரே வார்டில், ஒரே ஷிஃப்டில், ஒரே வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள். ஒருவருக்குக் காலமுறைச் சம்பளமும் விடுப்பும் பணி உறுதியும் உண்டு, மற்றவருக்கு அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்பதே தெரியாது. 'நீங்க பர்மனென்ட், உங்களுக்கென்ன' என்ற பேச்சும், 'நேத்து வந்ததுக்கு வாயைப் பாரு' என்ற பேச்சும் இந்தப் பிளவிலிருந்துதான் முளைக்கின்றன.

தனியார் மருத்துவமனைகளில் கதை வேறு, வேர் ஒன்றே. கேரளத்தில் 2011-12இல் தனியார் செவிலியர்கள் அலையலையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியரின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. குறைந்த சம்பளமும் நிறைய வேலையும் உள்ள இடத்தில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். அங்கே ஒருவருக்கு இன்னொருவர் மீது நம்பிக்கை ஊன்றுவதற்கே நேரம் கிடைப்பதில்லை.

ஸ்டாஃபோர்டில் நடந்தது

தலைமை தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனைதான் மிக விரிவாகப் பதிவான வழக்கு. அதை நடத்திய அறக்கட்டளை தன்னாட்சித் தகுதி பெற முயன்றது. அதற்காக 2006-07இல் 1 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்கத் திட்டமிட்டு, ஆட்களைக் குறைத்தது. வார்டுகளில் முதியவர்கள் கழிவோடு கிடந்தார்கள், தண்ணீர் எட்டாமல் தவித்தார்கள். ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013 பிப்ரவரி 6 அன்று 290 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது.

அந்த விசாரணையில் அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஹெலீன் டோனலி சொன்ன சாட்சியத்தைச் செவிலியர் தலைமை பற்றிப் பேசும் எவரும் படிக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் நோயாளியைப் பார்த்து முடிக்க வேண்டும் என்பது அரசின் இலக்கு. இலக்குத் தவறினால் மேலிடத்தின் சீற்றம் பிரிவுத் தலைமைச் செவிலியர்கள் மேல் விழும். அவர்கள் கீழே இருப்பவர்களைத் திட்டினார்கள். நேரத்தை மாற்றி எழுதச் சொன்னார்கள். டோனலி 2007-இல் புகார் கொடுத்தார். கொடுத்தபின் அவரைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. சக ஊழியர்களே மிரட்டினார்கள். டியூட்டி முடிந்து இருட்டில் கார் வரை நடக்கப் பயந்து, கூட்டிப்போக வீட்டாரை வரச்சொல்லும் நிலைமை. பின்னாளில் அந்தப் பிரிவின் தலைமைச் செவிலியர்கள் இருவரின் பெயர் தொழிற்பதிவிலிருந்து நீக்கப்பட்டது.

அந்த இருவரும் தண்டனைக்கு உரியவர்கள்தான். ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டால் பாடம் கிடைக்காது. மேலே இருந்தவர்கள் ஓர் எண்ணைக் கேட்டார்கள். அந்த எண்ணை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கவில்லை. நடுவில் இருந்தவர்கள் அந்த அழுத்தத்தை அப்படியே கீழே கொட்டினார்கள். வேலையிடத்து அவமதிப்பு அங்கே நிர்வாகக் கருவியாகவே மாறிப்போனது. பிரான்சிஸ் இதை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய 195-ஆம் பரிந்துரையே சான்று: வார்டு மேலாளராக இருக்கும் செவிலியர் மேற்பார்வைப் பணியில் இருக்க வேண்டும், அலுவலக அறைக்குள் முடங்கக் கூடாது, நெருக்கடி நேரம் தவிர, நோயாளிக் கணக்கில் ஓர் ஆளாகவும் அவரை எண்ணக் கூடாது. 290 பரிந்துரைகளில் நம் நாட்டுக்கு உடனே எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பிழையைச் சொல்ல முடிகிற வார்டு

தலைமை சரியாக இருந்தால் என்ன தெரியும்? ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு எதிர்பாராத கோணத்தில் பதில் சொன்னது. இரண்டு மருத்துவமனைகளின் எட்டுப் பிரிவுகளில் மருந்துப் பிழைகளை எண்ணினார்கள். நல்ல ஒற்றுமையும் நல்ல செவிலியர் தலைமையும் உள்ள பிரிவில் பிழை குறைவாக இருக்கும் என்பது அவருடைய கணிப்பு. கணக்கு எதிராக வந்தது: நல்ல பிரிவுகளில்தான் பதிவான பிழைகள் அதிகம்.

நல்ல குழு அதிகமாகத் தவறு செய்யுமா? கணக்கு விவரம் தெரியாத ஒருவரை அனுப்பி, பிரிவுகளில் மக்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். விஷயம் வெளிப்பட்டது. சில பிரிவுகளில் தவறைச் சொன்னால் சிறுபிள்ளையைப்போல் விசாரிக்கப்படுவோம், பழி விழும் என்ற பயம். அங்கே பிழை நடக்காமல் இல்லை, மறைக்கப்பட்டது. வேறு சில பிரிவுகளில் தவறு நடப்பது இயல்பு, சொன்னால்தான் திருத்தலாம் என்று தலைமைச் செவிலியர் நடந்து காட்டியிருந்தார். அங்கே பிழைகள் வெளியே வந்தன, அதனால் பிடிபட்டன. பேசினால் தண்டனையோ அவமானமோ வராது என்ற இந்த நம்பிக்கையைத்தான் அவர் 1999-இல் உளவியல் பாதுகாப்பு என்ற கருத்தாக விரித்தெழுதினார்.

ரிஸ்கினின் சோதனையையும் இதையும் சேர்த்துப் படித்தால் ஒரே விஷயம் இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிகிறது. அவமதிப்பு வாயை மூடுகிறது. நல்ல தலைமை வாயைத் திறக்க வைக்கிறது. மருத்துவமனையில் உயிர் பல நேரம் அந்த ஒரு வாயில்தான் தொங்குகிறது. டோஸ் அதிகமாக எழுதியிருக்கிறதே என்று சந்தேகப்படும் இளம் செவிலியர், நேற்று எதையோ கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதை நினைத்து, இன்று கேட்காமல் மருந்தை ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

எது பலன் தருகிறது

முயன்று பார்த்த வழிகள் பல. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் கூட்டு ஆணையம் 2008 ஜூலையில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மரியாதைக் குறைவான நடத்தை மருத்துவப் பிழைக்கு வழிவகுக்கிறது என்றது. 2009 ஜனவரியிலிருந்து எல்லா மருத்துவமனையிலும் நடத்தை விதித்தொகுப்பும் அதை நிறைவேற்றும் முறையும் கட்டாயம் என்றது. விதி தேவைதான். சுவரில் ஒட்டிய விதியை மட்டும் நம்பினால் பலன் இல்லை. சில நேரம் கேடும் உண்டு. 'ஒழுங்கைக் குலைக்கிறார்' என்ற அதே விதியைக் காட்டி, உண்மையைச் சொல்பவரின் வாயையும் அடைக்கலாம். ஸ்டாஃபோர்டைப் பார்த்தபிறகு இந்த அச்சம் வீண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் மார்த்தா கிரிஃபின் 2004-இல் வெளியிட்ட முயற்சி எளிமையானது. புதிதாகச் சேர்ந்த 26 செவிலியர்களுக்கு, எந்தெந்த வகை அவமதிப்பு வரும் என்று முன்னதாகவே சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் அமைதியாகத் திருப்பிச் சொல்லும் பதிலைப் பழக்கினார். பதில்கள் எழுதிய சிறு அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்துக் கொடுத்தார். முகம் சுளித்தவரிடம், 'உங்க முகத்தப் பார்த்தா ஏதோ சொல்ல வர்றீங்கன்னு தோணுது, நேரா எங்கிட்டயே சொல்லுங்க' என்ற வகைப் பதில்கள். அப்படி நேராகப் பேசியவர்கள், அந்த நடத்தை நின்றதாகச் சொன்னார்கள். நம் ஊரில் இதை அப்படியே எடுப்பது கடினம். இருபத்திரண்டு வயதுப் பெண், தன் அம்மா வயதுள்ள சீனியரிடம் இப்படிக் கேட்டால் 'எதிர்த்துப் பேசுறா' என்ற பெயர்தான் வரும். மூத்தவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, அந்தப் பேச்சு நியாயமானது என்று இன்சார்ஜ் முன்னதாகவே சொல்லிவைத்தால் மட்டுமே இங்கே நடக்கும். என்றாலும், பதிலை முன்கூட்டியே பழகுவது என்ற யோசனை விலைமதிப்புள்ளது. கூனிக்குறுகி நிற்கும் அந்த நொடியில் சொல் வராது, பழகியிருந்தால் வரும்.

இருக்கும் சான்றுகளில் எனக்கு மிக நம்பிக்கை தருவது க்ரூ என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 2005-இல் தொடங்கியது. பாடப்புத்தகம் கிடையாது. ஒரு பிரிவில் வேலை பார்ப்பவர்கள் ஒருங்கிணைப்பாளர் ஒருவரோடு ஆறு மாதம் அடிக்கடி கூடிப் பேசுவார்கள்: இந்த வார்டில் மரியாதை என்றால் என்ன, எதனால் புண்படுகிறோம், எதை மாற்றலாம் என்று. கனடாவில் மைக்கேல் லைட்டரும் ஹெதர் லாஷிங்கரும் மற்றவர்களும் ஐந்து மருத்துவமனை அமைப்புகளில் இதைச் செய்து பார்த்தார்கள். எட்டுப் பிரிவுகளில் திட்டம். ஒப்பிட 33 பிரிவுகள். 2011-இல் வந்த முடிவின்படி, திட்டம் நடந்த பிரிவுகளில் மரியாதை கூடியது, வேலைமேல் வெறுப்பு குறைந்தது, நிர்வாகத்தின்மேல் நம்பிக்கை உயர்ந்தது, வேலைக்கு வராமல் இருப்பது குறைந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் ஆதாயத்தில் பெரும்பகுதி நிலைத்திருந்தது. செலவு என்று பார்த்தால் நேரம்தான். அந்த நேரத்தை வேலை நேரத்துக்குள் ஒதுக்கித் தர நிர்வாகம் தயாராக இருக்க வேண்டும்.

டாக்டர்களின் நடத்தைக்கு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஹிக்சன் குழு 2007-இல் எழுதிய படிமுறை பயன்படும். முதல் தடவை என்றால், சக மருத்துவர் ஒருவர் தனியே அழைத்து, ஒரு காபி குடித்துக்கொண்டே 'இப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டேன்' என்று மட்டும் சொல்வார். திரும்ப நடந்தால் பதிவுகளைக் காட்டிப் பேசுவது. பிறகு மேலதிகாரி திட்டமிட்டுத் தலையிடுவது. கடைசியில்தான் ஒழுங்கு நடவடிக்கை. பெரும்பாலானவர்கள் முதல் பேச்சிலேயே திருந்திவிடுகிறார்கள் என்பது அவர்கள் அனுபவம். கேஸ் ஷீட்டை வீசும் சர்ஜனிடம் இன்சார்ஜ் சிஸ்டர் தனியாக மோத முடியாது, மோதச் சொல்லவும் கூடாது. அது டீனும் கண்காணிப்பாளரும் அந்தத் துறைத் தலைவரும் செய்ய வேண்டிய வேலை.

எல்லாவற்றையும் எடைபோட்டால் அடக்கமும் வேண்டும். பணியிட ஒடுக்குதலைத் தடுக்கும் முயற்சிகள் பற்றி 2017-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, எல்லாத் தொழில்களையும் சேர்த்தே தகுதியான ஆய்வுகளாக 5-ஐத்தான் கண்டது. சான்றின் தரமும் மிகக் குறைவு என்றது. அதனோடு ஒப்பிட்டால் தலைமை பற்றிய சான்று வலுவாக இருக்கிறது. கிரேட்டா கம்மிங்ஸ் குழு 2018-இல் 129 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், ஆட்களோடு உறவு வைத்து நடத்தும் தலைமை உள்ள இடங்களில் செவிலியரின் மனநிறைவும் பணியில் நீடிப்பதும் பணிச்சூழலும் மேலாக இருந்தன. வேலையை மட்டும் விரட்டும் தலைமையில் அப்படி இல்லை.

இன்சார்ஜ் கையில் இருப்பது

செவிலியர்கள் முரண்பாட்டை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்ட ஆய்வுகள் பலவற்றில், விலகிப்போவதும் விட்டுக்கொடுப்பதும் முன்னணியில் நிற்கின்றன. 'எதுக்கு வம்பு' என்பதுதான் நடைமுறை ஞானம். நிர்வாகவியல் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925-இலேயே வேறு பாதை காட்டினார். முரண்பாட்டை ஒருவர் ஜெயித்து முடிக்கலாம். ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்து முடிக்கலாம். இரண்டு பேரின் உண்மையான தேவையையும் கண்டுபிடித்து இணைத்தும் முடிக்கலாம். அவர் சொன்ன சம்பவம் பிரபலம்: நூலக அறையில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இவருக்கு மூடியிருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது காற்று. இவருக்கு வேண்டாதது நேராக மேலே அடிக்கும் வாடைக்காற்று. பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள்.

வார்டில் இது எப்படி இருக்கும்? இரண்டு பேர் ஒரே வாரம் நைட் வேண்டாம் என்று சண்டை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் மகளுக்குப் பொதுத்தேர்வு. காலை எட்டு மணிக்குப் பள்ளியில் விட வேண்டும். மற்றவருக்கு மாமியார் டயாலிசிஸ். பகலில் கூடப் போக வேண்டும். இருவரும் கேட்பது 'நைட் வேண்டாம்'தான், ஆனால் இருவரின் சிக்கலும் வேறு. கிழமைகளைப் பிரித்துப் போட்டால் தீர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, இரண்டு பேரையும் தனித்தனியே பத்து நிமிடம் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். கேட்பதற்கு இன்சார்ஜுக்கு அந்தப் பத்து நிமிடம் இருக்க வேண்டும்.

டியூட்டி லிஸ்டை எல்லாரும் பார்க்கும்படி மாட்டுவது, பண்டிகை நைட் யாருக்கு எத்தனை விழுந்தது என்ற கணக்கையும் பக்கத்திலேயே வைப்பது, நிரந்தரம் தொகுப்பூதியம் என்று பாராமல் சுற்று விடுவது: பாரபட்சம் என்ற பேச்சின் வேர் இதிலேயே பாதி அறுந்துவிடும். ஓவர் கொடுக்கும் நேரத்தில் இன்சார்ஜ் உடன் நிற்பது அடுத்தது. தவறை நோயாளி முன்னாலும் மற்றவர் முன்னாலும் பேசாமல், அன்றைக்கே தனியே கூப்பிட்டுப் பேசுவது. வாட்ஸ்அப் குழுவில் தவறு போடக் கூடாது என்ற ஒரு விதி. புதிதாக வரும் பெண்ணுக்கு முதல் மாதம் ஒரு மூத்தவரைப் பொறுப்பாக்குவது. இதில் எதற்கும் அரசாணை வேண்டாம்.

ஆனால் இன்சார்ஜ் சிஸ்டரின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் வந்ததும் லினன் எண்ண வேண்டும். மருந்துக்கு இன்டென்ட் போட வேண்டும். ஸ்டாக் ரெஜிஸ்டர், உடைந்த பொருள் கணக்கு, டயட் லிஸ்ட், ஆக்சிஜன் சிலிண்டர், ஆய்வுக்கு வருபவர்களுக்கு வேண்டிய புள்ளிவிவரம். நடுவே ஆள் வரவில்லை என்றால் ஊசி டிரேயைத் தூக்கிக்கொண்டு அவரே ஓட வேண்டும். பதவி பெரும்பாலும் பணிமூப்பில் வருகிறது. பி.எஸ்ஸி. நர்சிங்கில் நிர்வாகம் ஒரு பாடமாக உண்டு. அதைப் படித்ததற்கும் பொறுப்பு ஏற்பதற்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பொறுப்பு தரும் அன்று யாரும் அவரை உட்காரவைத்து, இருவர் சண்டையை எப்படிக் கேட்பது என்று சொல்லித் தருவதில்லை. பொருள் தொலைந்தால் அவர் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியிருக்கும். ஒரு செவிலியர் மனம் உடைந்து வேலையை விட்டுப் போனால் அவரிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எதற்குக் கணக்குக் கேட்கிறோமோ அதைத்தான் ஒருவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்.

நிர்வாகம் செய்ய வேண்டியதை இங்கிருந்து தொடங்கலாம். பெரிய வார்டுகளுக்கு ஒரு எழுத்தரைக் கொடுத்துப் பதிவேடுகளை அவர் தலைக்கு மாற்றுவது. செவிலியர்–நோயாளி விகிதம் எண்ணும்போது இன்சார்ஜை அந்தக் கணக்கிலிருந்து வெளியே எடுப்பது. பொறுப்பேற்கும் முன் சில வாரமாவது பயிற்சி. அதில் பாதி, சண்டையைக் கேட்டுத் தீர்க்கும் ஒத்திகை. வேலையை விட்டுப் போகும் ஒவ்வொரு செவிலியரிடமும், வார்டுக்கு வெளியே உள்ள ஒருவர் காரணம் கேட்டு எழுதி வைப்பது. டீனுக்கும் கண்காணிப்பாளருக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. இதையெல்லாம் செய்த வார்டில் முதலாண்டு மருந்துப் பிழை அறிக்கைகள் குறையாது, ஏறும். மாதாந்திரக் கூட்டத்தில் அந்த எண்ணைப் பார்த்ததும் இன்சார்ஜுக்கு மெமோ எழுதச் சொல்லி யாராவது கிளம்புவார்கள். அந்த மெமோ போகாமல் பார்த்துக்கொள்வது டீனின் வேலை.